பேர்ஸில் காசு கூடினால் ஏன் திரும்பி வருகிறது?

பயணி மறந்துவிட்டுப் போன நகைப் பையை ஆட்டோ ஓட்டுநர் பொலிஸில் ஒப்படைத்தார் என்ற செய்தி அவ்வப்போது நம் பத்திரிகைகளில் வரும். பொறுப்பதிகாரி கைகுலுக்கும் படமும் கூடவே இருக்கும். அதை யாராவது முகநூலில் போட்டால், கீழே வரிசையாக ஒரே கேள்விதான்: “இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவரா?” பாராட்டாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அதற்குள் ஒரு கணிப்பும் இருக்கிறது. சாதாரண ஆளாக இருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பான், பெரிய தொகை என்றால் சொல்லவே வேண்டாம் என்பது அந்தக் கணிப்பு.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அலன் கோன், மிஷெல் மரெஷால், டேவிட் டானன்பவும், கிறிஸ்டியன் சுண்ட் என்ற நால்வர் 40 நாடுகளில் 355 நகரங்களில் 17,303 பேர்ஸ்களைத் ‘தொலைத்தார்கள்’. முடிவுகள் 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தன. நடந்தது இப்படி: உதவியாளர் ஒருவர் வங்கி, தபாலகம், ஹோட்டல், அரும்பொருளகம், பொலிஸ் நிலையம் போன்ற ஓர் இடத்தின் கவுண்டருக்குப் போவார். “இது பக்கத்துத் தெருவில் கிடந்தது. யாரோ தொலைத்துவிட்டார்கள் போல. எனக்கு அவசரம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கொடுத்துவிட்டு வெளியேறிவிடுவார். பெயர் சொல்லமாட்டார், பற்றுச்சீட்டும் கேட்கமாட்டார்.

கொடுப்பது தோல் பேர்ஸ் அல்ல. விசிட்டிங் கார்ட் போடும் சின்ன உறை, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற வகை. வாங்குபவர் அதைத் திறக்காமலே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். உள்ளே ஒரே பெயரும் மின்னஞ்சல் முகவரியும் போட்ட மூன்று கார்டுகள், ஒரு சாவி, பால், பாண், பாஸ்தா, வாழைப்பழம் என்று அந்த ஊர் மொழியில் எழுதிய கடைச் சாமான் பட்டியல். தொலைத்தவர் உள்ளூர்க்காரர்தான், சுற்றுலாப் பயணி இல்லை என்று காட்டத்தான் அந்தப் பட்டியல். சில உறைகளில் காசே இல்லை. மற்றவற்றில் 13.45 டொலருக்குச் சமமான உள்நாட்டுக் காசு. இன்றைய மாற்று விகிதத்தில் அப்படியே மாற்றினால் நாலாயிரம் ரூபாய் அளவில் வரும். அதன் பிறகு மின்னஞ்சல் வருகிறதா என்று 100 நாள் காத்திருந்தார்கள்.

காசில்லாத பேர்ஸ்களில் 40 வீதத்துக்குத் தகவல் வந்தது. காசிருந்தவற்றில் 51 வீதம். 40 நாடுகளில் 38இல் காசு சேர்ந்ததும் வீதம் ஏறியது. இந்தியாவும் அந்த 38இல் உண்டு. இறங்கியது மெக்சிக்கோவிலும் பெருவிலும் மட்டும், அதுவும் தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவுக்குத்தான். சுவிற்சர்லாந்தும் நோர்வேயும் பட்டியலின் உச்சியில், சீனா அடியில். நாடுகளுக்கிடையே உயரம் வேறுபட்டாலும் காசு தள்ளுகிற திசை கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றே.

தொகை சிறிது, அதனால்தான் மனம் சலனப்படவில்லை என்று ஒருவர் சொல்லலாம். ஆய்வாளர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. அமெரிக்கா, பிரித்தானியா, போலந்து மூன்றிலும் தொகையை 94.15 டொலராக ஏற்றினார்கள். அங்கே காசில்லாதபோது 46 வீதம், சிறு தொகைக்கு 61, பெரிய தொகைக்கு 72. காசை எடுத்துக்கொண்டு வெறும் உறையைத் திருப்பியிருப்பார்களோ? சுவிற்சர்லாந்திலும் செக் குடியரசிலும் பேர்ஸ்களை நேரில் போய் வாங்கி எண்ணிப் பார்த்தார்கள். 98 வீதத்துக்கு மேற்பட்ட காசு அப்படியே இருந்தது.

இதை முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னபோது பொதுமக்கள் நேர்மாறாகச் சொன்னார்கள்: காசு கூடக்கூடத் திரும்புவது குறையும் என்று. பொருளியல் நிபுணர்கள் அவ்வளவு மோசமாகத் தவறவில்லை, ஆனாலும் சரியான வரிசையைச் சொன்னவர்கள் அவர்களிலும் சிறுபான்மைதான். மனிதர் எப்படி நடப்பார்கள் என்பதைவிட, மற்றவர்கள் எப்படி நடப்பார்கள் என்று நாம் நினைப்பதில்தான் கோளாறு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. முகநூலில் அந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர், தங்கள் கையில் அந்தப் பை கிடைத்திருந்தால் தாங்களும் கொடுத்திருப்பார்கள்.

ஏன் இப்படி? பயம் என்பது முதல் விடை. கமரா இருக்கிறது, பக்கத்து மேசைக்காரர் பார்க்கிறார், பெரிய தொகை என்றால் தேடி வருவார்கள். கமரா உள்ள இடம், இல்லாத இடம், வேறு ஆட்கள் இருந்த நேரம், இல்லாத நேரம் என்று பிரித்துப் பார்த்ததில் இந்த விளக்கம் நிற்கவில்லை. அடுத்தது இரக்கம்: பாவம், தொலைத்தவர் தவிப்பார். இதற்குத்தான் அந்தச் சாவி. எடுத்தவருக்கு அதனால் ஐந்து சதத்துக்கும் பிரயோசனமில்லை, தொலைத்தவருக்கோ வீட்டுக் கதவு. காசிருந்த சில பேர்ஸ்களிலிருந்து சாவியை மட்டும் எடுத்துவிட்டு விநியோகித்தபோது, சாவி உள்ளவை ஏறக்குறைய 9 வீதப் புள்ளிகள் கூடுதலாகத் திரும்பின. ஆக இரக்கம் வேலை செய்கிறது. ஆனால் காசு கூடும்போது வருகிற ஏற்றம் முழுவதையும் அது விளக்காது. தொலைத்தவருக்கு நட்டம் கூடுகிற அதே அளவுக்கு எடுத்தவருக்கு ஆசையும் கூடுகிறதே!

கொழும்பில் அந்தச் சாவியின் இடத்தில் எதை வைப்பது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், தேசிய அடையாள அட்டை. அது தொலைந்தால் பொலிஸ் முறைப்பாடு, கிராம உத்தியோகத்தர், ஆட்பதிவுத் திணைக்களம் என்று அலைய வேண்டும். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் போய்வந்த தமிழருக்கு, அட்டை இல்லாமல் வெளியே இறங்குவது என்றால் என்னவென்று தெரியும். வேறொருவரின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது இன்றைக்கும் நம் ஆட்களுக்குக் கஷ்டம்.

மிச்ச விளக்கம் ஆய்வாளர்கள் நடத்திய ஒரு கருத்துக்கணிப்பில் கிடைத்தது. பேர்ஸைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அது எவ்வளவு தூரம் களவு போல உணரப்படும் என்று கேட்டார்கள். காசில்லாத பேர்ஸ் என்றால் அசட்டை, வேலைப்பளு, மறதி. காசு ஏற ஏறக் களவு என்ற உணர்வும் ஏறியது. மேசை இழுப்பறையில் கிடக்கும் வெறும் உறை யாரையும் கள்ளனாக்குவதில்லை. அதே இழுப்பறையில் ஒரு கட்டுத் தாள் கிடந்தால், இழுப்பறையைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஆள் தன்னைத்தானே பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சங்கடத்தின் விலை காசின் பெறுமதியைவிட வேகமாக ஏறுகிறது என்பதே அவர்கள் முன்வைத்த விளக்கம்.

இதே இயந்திரம் மறுபக்கமாகவும் சுழலும். தன்னைக் கள்ளன் என்று நினைக்கத் தேவையில்லாத இடத்தில் ஆள் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறான். 2013இல் ஊர்ஸ் ஃபிஷ்பாகர், ஃபிரான்சிஸ்கா ஃபொல்மி-ஹொய்சி இருவரும் வெளியிட்ட சோதனை இதைக் காட்டப் பிரபலமானது. ஒருவர் தனியாக, யாரும் பார்க்காமல், தாயக்கட்டையை உருட்டி வந்த எண்ணைச் சொல்ல வேண்டும். 1 என்றால் ஒரு சுவிஸ் பிராங், 5 என்றால் ஐந்து, 6 என்றால் மட்டும் ஒன்றுமில்லை. தனி ஆளின் பொய்யைப் பிடிக்க வழியில்லை. கூட்டத்தின் பொய் எண்ணிக்கையில் தெரியும். எல்லாரும் உண்மை சொன்னால் ஒவ்வொரு எண்ணும் 17 வீதம் வரவேண்டும். சொன்னதோ, 5 வந்தது என்று 35 வீதம், 6 வந்தது என்று 6 வீதம். இதில் சுவையானது 4 என்ற எண். 27 வீதம் பேர் 4 என்றார்கள். பொய் சொல்வதென்று இறங்கியவர் ஐந்து பிராங்கையே எடுக்கலாமே, ஏன் நாலோடு நிற்கிறார்? ஐந்து என்றால் தனக்கே பொய்யாகத் தெரியும். நாலு என்றால் சமாளிக்கலாம்.

ஷாவுல் ஷால்வியும் கூட்டாளிகளும் 2011இல் இந்தச் சமாளிப்பை இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். மூன்று தடவை உருட்டு, முதல் தடவை வந்ததைச் சொல் என்பது விதி. வந்த விடைகளின் பரம்பல், மூன்றில் பெரியதைத் தெரிந்தெடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எண் கண்ணுக்கு முன்னால் வந்திருக்கிறது, ஒழுங்குதான் மாறியது. அது முழுப்பொய் இல்லையே!

காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்களில் போய்வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் தாளை நீட்டுகிறீர்கள், கொண்டக்டர் டிக்கெட் தராமலே மிச்சக் காசைப் பிறகு தருவதாகச் சைகை காட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விடுகிறார். அவர் உங்கள் சட்டைப் பையில் கைவிடவில்லை. நீங்கள் கேட்காமல் இறங்கினீர்கள், அவ்வளவுதான். மறுபக்கமும் உண்டு: நெரிசலில் பின்கதவால் ஏறி, காசு கேட்க ஆள் வராததால் பம்பலப்பிட்டியில் பேசாமல் இறங்கிப்போகிறவர். அவரும் எதையும் களவெடுக்கவில்லை, கொண்டக்டர் கேட்கவில்லை. இந்த இருவர் கையிலும் அடையாள அட்டையோடு ஒரு பேர்ஸைக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் திருப்பிக் கொடுப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

இந்தத் தாயக்கட்டை வகைச் சோதனைகள் 90ஐ யோகன்னஸ் ஆபெலர் முதலானோர் 2019இல் ஒன்றுசேர்த்தார்கள்: 47 நாடுகள், 44,000க்கு மேற்பட்ட ஆட்கள். பொய்யால் பெறக்கூடிய இலாபத்தில் சராசரியாக முக்கால் பங்கை ஆட்கள் வேண்டாமென்று விட்டுவிடுகிறார்கள். பிடிபட வாய்ப்பே இல்லாத இடத்தில்.

அப்படியானால் எல்லாம் சந்தர்ப்பம்தானா, ஆளில் ஒன்றுமில்லையா? இது பழைய சண்டை. 1920களில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் அமெரிக்காவில் ஏறத்தாழ 11,000 பிள்ளைகளைச் சோதித்து, பரீட்சையில் பார்த்தெழுதுகிற பிள்ளை காசையும் எடுக்கும் என்று சொல்ல முடியாதென்று கண்டார்கள். பின்னர் கிபோம் லீ, மைக்கல் ஆஷ்டன் இருவரும் ஆளுமையின் வழக்கமான ஐந்து கூறுகளோடு நேர்மை–பணிவு என்ற ஆறாவதையும் சேர்க்க வேண்டும் என்று வாதிட்டார்கள். 2018இல் டானியல் ஹெக் குழு 16 ஆய்வுகளின் 5,002 பேரை மீளப் பார்த்தபோது, யார் ஏமாற்றுவார் என்பதை ஆளுமைக் கூறுகளில் உறுதியாகச் சுட்டியது இந்த ஆறாவதுதான். சுட்டியது என்றால் கொஞ்சம்தான். சாக்குச் சொல்ல எவ்வளவு இடம் தேவை என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று இதை நான் விளங்கிக்கொள்கிறேன்.

இந்தத் துறையே ஒருமுறை தலைகுனிந்த கதையையும் சொல்லாமல் விட முடியாது. படிவத்தின் அடியில் போடும் கையெழுத்தை மேலே போடவைத்தால் ஆட்கள் உண்மை எழுதுவார்கள் என்று 2012இல் ஒரு கட்டுரை வந்தது. பல அமைப்புகள் அதைப் பிடித்துக்கொண்டன. அதே ஆய்வாளர்கள் 2020இல் மறுபடி செய்து பார்த்தபோது விளைவு கிடைக்கவில்லை. 2021இல் வேறு சிலர் மூலத்தரவைக் கிளறினார்கள். ஒரு வாகனக் காப்புறுதி நிறுவனத்தின் 13,000க்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தங்கள் கார்கள் ஓடிய தூரம் என்று படிவத்தில் எழுதிக்கொடுத்தது அதில் இருந்தது. வழக்கமாக நடுத்தரமாக ஓடும் கார்கள் நிறைய, மிக அதிகம் ஓடுபவை சில என்று இருக்கும். இங்கோ பூச்சியத்திலிருந்து 50,000 மைல் வரை எல்லாத் தூரத்திலும் ஒரே அளவு கார்கள், 50,000க்கு மேல் ஒன்றுகூட இல்லை. யாரோ எண்களை உருவாக்கியிருக்கிறார்கள். நேர்மை பற்றிய கட்டுரை போலித் தரவால் திரும்பப் பெறப்பட்டது. பேர்ஸ் ஆய்வு வேறு, அதன் தரவில் இப்படி ஒன்றும் வரவில்லை.

அதன் மீது வந்த விமர்சனம் வேறு வகை, நமக்கு அதுதான் முக்கியம். சீனாவில் அலுவலகக் கவுண்டரில் இருப்பவர் முன்பின் தெரியாத ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதுவது வழக்கமில்லை. உரியவர் தேடி வரும்வரை பொருளைப் பத்திரமாக எடுத்து வைப்பதுதான் வழக்கம். 2023இல் சீன ஆய்வாளர்கள் 10 நகரங்களில் 500 பேர்ஸ்களை வைத்து அதே சோதனையைத் திருப்பிச் செய்தார்கள். மின்னஞ்சல் கால்வாசிக்குச் சற்று மேல்தான் வந்தது. ஆனால் ஆள் அனுப்பிக் கேட்டபோது முக்கால்வாசிக்கு மேற்பட்ட பேர்ஸ்கள் பத்திரமாக இருந்தன.

இலங்கை அந்த 40 நாடுகளில் இல்லை. இருந்திருந்தால் நாமும் அடியில்தான் கிடந்திருப்போம் என்பது என் ஊகம். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் மேசையில் இருப்பவர் கார்டிலுள்ள முகவரிக்கு ஈமெயில் தட்டுவாரா? தொலைபேசி இலக்கம் இருந்தால் உடனே அழைப்பார், வட்ஸ்அப்பில் படம் போடுவார். ஒன்றுமில்லாவிட்டால் முதலாளியின் லாச்சிக்குள் போடுவார். கொழும்பில் யாராவது இதைச் செய்வதானால் கார்டில் கைத்தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும், சாமான் பட்டியல் சில பேர்ஸ்களில் தமிழிலும் சிலவற்றில் சிங்களத்திலும் எழுதியிருக்க வேண்டும், 100 நாள் முடிய ஒருவர் கடை கடையாகப் போய் “இங்கே ஒரு பேர்ஸ் கொடுத்தார்களாமே?” என்று கேட்கவும் வேண்டும். பட்டியலின் மொழி திரும்பும் வீதத்தை மாற்றுமா என்பதை அறிய எனக்கு ஆவல். காசு கூடினால் அந்த வித்தியாசம் குறையுமா, கூடுமா என்று அறிய இன்னும் ஆவல்.