என்பு மச்சை கொடுப்பவருக்கு ஊசி எங்கே ஏறுகிறது?

யாழ்ப்பாணத்தில் இரத்ததான முகாம் என்றால் பெடியள் வரிசையில் நின்று கொடுப்பார்கள். அதே பெடியனிடம் என்பு மச்சை கொடுப்பீரா என்று கேட்டால், அவன் வாய் திறக்கமுன் வீட்டிலிருந்து பதில் வரும்: "முள்ளந்தண்டில ஊசி ஏத்துவினம், பிறகு இடுப்பு ஏலாமப் போயிடும்." முள்ளந்தண்டுக்குள் ஓடுவது முண்ணாண், அது நரம்பு. மச்சை வேறு. ஆட்டெலும்பைத் தட்டி உறிஞ்சுகிறோமே, அந்த இனம். வளர்ந்த மனிதரின் கைகால் நீள என்புகளில் பெரும்பாலும் கொழுப்புத்தான். குருதி உண்டாகும் சிவப்பு மச்சை இடுப்பென்பு, மார்பென்பு, முள்ளென்புகள் போன்றவற்றில் இருக்கிறது. எடுக்க வசதியானது இடுப்பென்பின் பின்விளிம்பு. சாரம் கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, முதுகுப்பக்கம் தடவினால் கையில் தட்டுப்படும்.

செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு எல்லாவற்றையும் பெற்றுப்போடுவது அந்த மச்சையிலுள்ள மூலக்கலங்கள், அதாவது ஸ்டெம் செல்கள். இரத்தப் புற்றுநோய், தலசீமியா, மச்சையே வற்றிப்போகும் இரத்தச்சோகை ஆகியவற்றில் நோயாளியின் மச்சையை மருந்தால் அழித்துவிட்டு, இன்னொருவரின் மூலக்கலங்களைக் குடியேற்றுவார்கள்.

யாருடையது பொருந்தும் என்பதைக் குருதி வகை தீர்மானிப்பதில்லை. 6ஆம் நிறமூர்த்தத்திலுள்ள எச்.எல்.ஏ. என்ற பரம்பரையலகுத் தொகுதிதான் தீர்மானிக்கிறது. உடலின் நிர்ப்பீடனம் "இது என் கலம், இது அந்நியம்" என்று பிரித்தறிவது இதை வைத்தே. இதில் அறியப்பட்ட வகைகள் முப்பதாயிரத்துக்கும் மேல். ஆனால் இத்தொகுதி பெரும்பாலும் துண்டுபடாமல் ஒரே கட்டாகப் பிள்ளைக்குப் போகிறது. தகப்பனிடம் அ, ஆ என்று இரண்டு கட்டு, தாயிடம் இ, ஈ என்று இரண்டு. பிள்ளைக்கு அஇ, அஈ, ஆஇ, ஆஈ என்பவற்றில் ஒன்று அமையும். எனவே ஒரு சகோதரம் முழுதாகப் பொருந்த வாய்ப்பு 25%. இரண்டு சகோதரம் இருந்தால் யாராவது ஒருவர் பொருந்த 44%, மூன்று இருந்தால் 58%. ஒற்றைப் பிள்ளை வீடுகள் கூடிவரும் காலத்தில் இந்தக் கணக்கு கசக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு விசேடம். மச்சானும் மச்சாளும் கட்டிய வீட்டில், பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த அதே 'அ' கட்டு இருவரிடமும் இருக்கலாம். தகப்பன் அஆ, தாய் அஇ என்று வையுங்கள். தகப்பனிடமிருந்து 'அ'வும் தாயிடமிருந்து 'இ'யும் வாங்கிய பிள்ளை தாயோடு அப்படியே பொருந்திவிடும். அதனால் நெருங்கிய சொந்தத்தில் முடித்த குடும்பங்களில் பெற்றோரையும் பெரியப்பா, மாமி பிள்ளைகளையும் சேர்த்துச் சோதிப்பது வீண்வேலையல்ல. குடும்பத்தில் ஒருவரும் இல்லையென்றால், கொடுக்க முன்வந்தவர்களின் பதிவேடுகளில் தேடவேண்டும். உலகெங்கும் 4 கோடிக்கு மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள். ஆனால் ஒரே பூர்வீகத்தில்தான் கட்டுகள் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். தெல்லிப்பழையில் படுத்திருக்கும் நோயாளிக்குப் பொருந்தும் கட்டு ரொறன்ரோவில் பிறந்த ஒரு பேரனிடம் இருக்கக்கூடும். அந்தப் பேரன் அங்கே பதிவதும் இங்குள்ளவருக்குப் பதிவதுதான்.

பதிவது சுலபம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் அழுத்தித் தேய்த்துக் கொடுக்கவேண்டும். வெற்றிலை போட்ட வாயோடு, சாப்பிட்ட கையோடு தேய்க்கக்கூடாது. ஈரக்குச்சியைப் பொலித்தீன் பையில் அடைத்தால் எங்கள் வெக்கைக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். உலரவிட்டுக் கடதாசி உறையில் வைக்கவேண்டும். வயது விடயத்தில் பதிவேடுகள் கறார்: 18 முதல் 35 வரையானவர்களையே விரும்புகின்றன, ஏனென்றால் இளம் கலங்கள் நோயாளிக்கு நல்ல பலன் தருகின்றன. பல பிள்ளை பெற்ற தாய்மாரைவிட ஆண்களைத் தெரிவதும் உண்டு. கர்ப்பகாலத்தில் தாயின் உடல் பிள்ளையின் எச்.எல்.ஏ.யைக் கண்டு பழகிவிடுவதால், அவருடைய வெண்குழியங்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் ஆபத்துச் சற்றுக் கூட. எயிட்ஸ் கிருமி, ஈரல் அழற்சி B, C, இருதய நோய், முன்பு வந்த புற்றுநோய் இருந்தால் எடுக்கமாட்டார்கள்.

இன்று பெரும்பாலும் இடுப்பையே தொடுவதில்லை. மூலக்கலங்கள் மச்சைக்குள், துறையில் கட்டின வள்ளம்போல, ஒருவகைப் புரதக் கயிற்றில் கட்டுண்டு கிடக்கின்றன. ஜி-சி.எஸ்.எஃப். என்ற ஊசி அந்தக் கயிற்றை அறுத்து, அவற்றைக் குருதிக்குள் விடுகிறது. அளவு உடல்நிறையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 600, அதாவது 300 மைக்ரோகிராம் குப்பி இரண்டு. தோலுக்கடியில் 4 அல்லது 5 நாள் போடுவார்கள். மச்சை பொங்குவதால் இடுப்பு, முதுகு, நெஞ்செலும்பு உளையும், தலையிடிக்கும். பனடோல் போதும். மண்ணீரல் சற்று வீங்கும் என்பதால் அந்தக் கிழமை பந்தடிக்கப் போகக்கூடாது. இடது விலாவுக்கடியில் கடும் நோவென்றால் உடனே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

ஐந்தாம் நாள் ஒரு கையால் குருதி வெளியேறி, இயந்திரத்தில் சுழன்று, மூலக்கலம் உள்ள படை மட்டும் பிரிந்து, மிச்சம் மற்றக் கையால் திரும்பும். 4 முதல் 6 மணித்தியாலம். குழாயில் குருதி உறையாமலிருக்கக் கலக்கும் சித்திரேற்று, கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதடும் விரல்நுனியும் விறுவிறுக்கும். விறுவிறுத்த உடனே தாதியிடம் சொன்னால் கல்சியம் கொடுத்து வேகத்தைக் குறைப்பார். பொறுத்துக்கொண்டு கிடப்பது வீரமல்ல, விட்டால் தசை இழுக்கும். நோயாளியின் நிறையில் கிலோவுக்கு 20 இலட்சம் மூலக்கலமாவது வேண்டும்; 40, 50 இலட்சம் என்றால் மனம் ஆறும். போதாவிட்டால் மறுநாளும் படுக்கவேண்டும்.

குறிப்பாக நோயாளி குழந்தையாயின், சிலவேளை மச்சையையே கேட்பார்கள். முழு மயக்கத்தில் குப்புறக் கிடத்தி இடுப்பென்பிலிருந்து ஊசியால் இழுப்பார்கள். ஒரு இழுவைக்கு 5 மில்லிலீற்றர் அளவுதான். கூட இழுத்தால் வெறும் குருதி வந்து கலக்கும். தோலில் சில துளைதான், என்பில் பல. மொத்தம் கொடுப்பவரின் கிலோவுக்கு 20 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது. ஒன்றிரண்டு கிழமை இடுப்பு நோகும். 4 முதல் 6 கிழமையில் மச்சை பழையபடி நிரம்பிவிடும். ஏலாமப் போவதென்ற பேச்சு இங்கேதான் முடிகிறது.

உண்மையில் பயப்படவேண்டிய நாள் வேறு. எடுக்கும் நாளுக்கு ஒரு கிழமை, பத்துநாள் முன்பே நோயாளிக்கு மச்சையை அழிக்கும் மருந்து தொடங்கிவிடும். அதற்குப்பிறகு கொடுப்பவர் பின்வாங்கினால் அந்த நோயாளிக்குத் திரும்பும் வழி இல்லை. எந்தக் கடதாசியிலும் கையெழுத்திடமுன் வீட்டாரோடு ஆறுதலாக இருந்து பேசவேண்டியது இதற்காகவே. பதிந்துவிட்டு மனம் மாறினால் குற்றமில்லை, அழைப்பு வந்த உடனேயே சொல்லவேண்டும். தொலைபேசி இலக்கம் மாறினால் பதிவேட்டுக்கு அறிவிக்காமல் விடுவதும் ஒருவகைப் பின்வாங்கல்தான்.

எடுத்த கலங்கள் 2 முதல் 8 பாகை குளிரில், ஒருவர் கையோடு பெட்டியில் பயணம் போகும். விமான நிலையத்தில் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் விடமாட்டார்கள். நோயாளிக்கு ஏற்றுவது சாதாரண இரத்தம் ஏற்றுவதுபோல, நாளத்தால். அறுந்த அதே புரதக் கயிற்றின் ஈர்ப்பில் அவை தாமாகவே என்புக்குள் வழி கண்டு போய்ச்சேரும். இரண்டு முதல் நான்கு கிழமையில் புது வெண்குழியங்கள் தலைகாட்டும். O வகைக்காரர் B வகைக்காரரிடம் வாங்கியிருந்தால், மாதங்கள் செல்ல அவர் B ஆகிவிடுவார். சாரதி அனுமதிப்பத்திரத்தில் குருதி வகை எழுதியிருந்தால் அதையும் மாற்றவேண்டிவரும்.