பீட்னிக்: ஒட்டியதும் ஒட்டாததும்

பழைய பிளாஸ்டிக் மாதிரிக் கார்களைச் சேர்ப்பவர்களிடையே 'பீட்னிக் பேண்டிட்' என்ற பெயருக்குத் தனி மவுசு உண்டு. கலிஃபோர்னியாவில் விசித்திரக் கார்களைக் கட்டிப் பேர் வாங்கிய எட் ராத், ஓல்ட்ஸ்மொபைல் காரின் அடிச்சட்டத்தை வெட்டிக் குறுக்கி, அதன்மேல் கண்ணாடியிழை உடலை ஏற்றி 1961-இல் காட்சிக்குக் கொண்டுவந்த வண்டி அது. கூரை இருக்க வேண்டிய இடத்தில் ஒளி ஊடுருவும் குமிழி. ஸ்டீயரிங் சக்கரம் கிடையாது. வண்டியைத் திருப்புவதற்கும் வேகம் கூட்டுவதற்கும் நிறுத்துவதற்கும் நடுவில் ஒரே ஒரு கோல். சில ஆண்டுகளுக்குள் ரெவெல் நிறுவனம் அதை 25-இல் ஒரு பங்காகச் சுருக்கி, வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளும் மாதிரியாகப் பெட்டியில் அடைத்து விற்றது.

பேண்டிட் கொள்ளைக்காரன், அதில் குழப்பமில்லை. பீட்னிக் யார்?

'பீட்' என்பது முதலில் நியூயார்க் தெருப்பேச்சு. அடிபட்டவன், ஓய்ந்துபோனவன் என்று பொருள். 1940களின் இறுதியில் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரூயாக் தம் தலைமுறைக்கே அதைப் பெயராக வைத்தார். பின்னாளில் அதற்குள் பேரின்ப நிலை என்ற பொருளையும் ஏற்றிப் பார்த்தார். 'நிக்' அவர் சேர்த்ததல்ல. 1958 ஏப்ரல் 2 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழில் பத்தியாளர் ஹெர்ப் கேன் ஒட்டிவிட்டது அது. சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் விண்ணேறி ஆறு மாதம்கூட ஆகவில்லை; ஊர் வாயெல்லாம் அந்த ஓசைதான்.

ரஷ்ய மொழியில் இந்தப் பின்னொட்டு சாதுவானது. ஸ்புட்னிக் என்றால் வழித்துணை, அவ்வளவே. ஆனால் யூதர்களின் இத்திஷ் (Yiddish) மொழி வழியாக அமெரிக்கப் பேச்சுக்கு வந்த 'நிக்'கில் ஓர் இளக்காரம் உண்டு. 'நுட்னிக்' என்றால் ஓயாமல் பிடுங்கி எடுக்கும் ஆள். கேனின் கிண்டல் பலித்தது. தட்டைத் தொப்பி, குறுந்தாடி, கறுப்புக் கண்ணாடி, மடியில் பாங்கோ மேளம் என ஒரு கேலிச்சித்திரம் உருவாகிவிட்டது. கெரூயாக்குக்கும் அவர் கூட்டத்துக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்குக்கும் அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. அங்காடி வாழ்க்கை வேண்டாம் என்றவர்களின் பெயர், கடைசியில் சிறுவர்களுக்கான கடைச் சரக்கின் மூடியில் அச்சானது.

தமிழில் என்ன சொல்வது? நாடோடி என்றால் கேலி போய்விடுகிறது. பரதேசி என்றால் வசவு மிஞ்சிவிடுகிறது. ஹிப்பி என்பது பிழையே. அவர்கள் அடுத்த அலை, அந்தச் சொல்லும் இங்கே தலைமுடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'காரன்' விகுதி பால்காரனுக்கும் பொருந்துவது, அதில் குத்தல் இல்லை. நம்மிடம் 'நிக்' செய்யும் வேலையை அப்படியே செய்யும் சொல் 'பேர்வழி'. 'அவன் ஒரு மாதிரியான பேர்வழி' என்னும்போது உதட்டில் வருகிற சுழிப்பு நினைவிருக்கிறதா? எனவே என் தேர்வு 'பீட் பேர்வழி'. பீ, பே என்று மோனையும் அமைகிறது. காரின் பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாம். அங்கே மோனை ஏற்கெனவே இருக்கிறது.

ஆங்கிலத்தில் 'கிட்' எனப்படும் இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு நான் 'பூட்டு மாதிரி' என்று எழுதுகிறேன், ஏர் பூட்டுவதில் வரும் பூட்டு. உள்ளே பாகங்கள் உதிரியாகக் கிடப்பதில்லை. கொத்து அவரைக்காய் போல ஒரே பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கும். அந்தச் சட்டத்துக்குக் காம்பு என்றே சொல்லலாம். காம்பிலிருந்து கிள்ளாத பெட்டிக்குத்தான் நல்ல விலை. இதற்கான பசை வெறும் ஒட்டுப்பசை அல்ல. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும், பிறகு பிரிக்க முடியாது. ஆகவே யாரோ ஒரு சிறுவன் ஆசையாகக் கட்டி முடித்த காரை வாங்க நேர்ந்தால், முதலில் பார்க்க வேண்டியது குமிழியை. பசை தோய்ந்த விரல் பட்டிருந்தால், ரேகை அங்கே அப்படியே பதிந்திருக்கும்.