வரிசை வேண்டுமா? கேட்டு வாங்குங்கள்

ஜாவாவில் எழுதிய நிரலை மறுஆய்வு செய்யும்போது நான் முதலில் கவனிப்பது, ஹாஷ்செட்டில் (ஒரே உறுப்பை இருமுறை வைக்காத, வரிசைக்கு உறுதி தராத தொகுப்பு) இருக்கும் தரவு அப்படியே அறிக்கைக்கோ திரைக்கோ போகிறதா என்பதைத்தான். கேட்டால், "ஓட்டிப் பார்த்தேன், வரிசையாகத்தான் வந்தது" என்பார்கள்.

வந்திருக்கும். ஆபத்தே அங்குதான் இருக்கிறது. ஓர் உறுப்பு எந்த அறையில் உட்காரும் என்பதை அதன் ஹாஷ் மதிப்பு, அதாவது அந்த உறுப்பிலிருந்து கணக்கிடும் ஓர் எண், முடிவு செய்கிறது. சிறிய முழு எண்ணின் ஹாஷ் மதிப்பு அந்த எண்ணேதான். ஹாஷ்செட் இயல்பாக 16 அறைகளுடன் தொடங்குகிறது. எனவே 3, 1, 2 என்று சேர்த்தால் 1, 2, 3 என்று ஒழுங்காக வெளிவரும். 2-ஐயும் 17-ஐயும் சேர்த்துப் பாருங்கள்: 17 முதலில் வரும். 17-ஐ 16-ஆல் வகுத்தால் மீதி 1; அதனால் அது 2-க்கு முந்தைய அறையில் போய் உட்காருகிறது. உறுப்புகள் 12-ஐத் தாண்டியதும் அறைகள் 32 ஆகும், வரிசை மறுபடி மாறலாம். சோதனைக்குப் போடும் நாலைந்து எண்களில் இது எதுவும் வெளியே தெரியாது.

சேர்த்த வரிசை முக்கியம் என்றால் லிங்க்டுஹாஷ்செட் இருக்கிறது, ஜாவா 1.4 காலத்திலிருந்தே உண்டு. உறுப்புகளை முன்னும் பின்னும் சங்கிலியாகக் கோத்து வைப்பதால் நினைவகம் சற்றுக் கூடுதலாகும். தேடும் வேகம் ஏறக்குறைய அதேதான். ஏற்கெனவே இருக்கும் உறுப்பை மீண்டும் சேர்த்தாலும் அது பழைய இடத்திலேயே இருக்கும்.

அளவுப்படி அடுக்க ட்ரீசெட்டை எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மாணவர்களை மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒப்பிடச் சொன்னால், 87 எடுத்த இருவரில் ஒருவர் தொகுப்பிலேயே இருக்கமாட்டார். ஒப்பீட்டில் சுழியம் வந்தால் இருவரும் ஒருவரே என்பதுதான் ட்ரீசெட்டின் கணக்கு. பிழைச் செய்தி எதுவும் வராது. பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்காது, அவ்வளவுதான். மதிப்பெண் சமமானால் பதிவெண்ணை ஒப்பிடும்படி எழுதுங்கள். இதை நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

2023-இல் வந்த ஜாவா 21, சீக்வென்ஸ்டுசெட் என்ற இடைமுகத்தை (ஒரு தொகுப்பு என்னென்ன செய்யும் என்ற வரையறை) தந்தது. முதல் உறுப்பு, கடைசி உறுப்பு, தலைகீழ் வரிசை எல்லாம் அதில் நேரடியாகக் கிடைக்கின்றன. செயற்கூறு திருப்பித் தரும் வகையாக அதையே அறிவித்துவிட்டால், அழைப்பவருக்கு வரிசை உறுதி என்பது படித்தவுடன் புரியும். பழைய பதிப்பில் இருப்பவர்கள் லிங்க்டுஹாஷ்செட் என்றே வெளிப்படையாக எழுதலாம். ஸ்ட்ரீமின் (உறுப்புகளை ஒவ்வொன்றாக வடிகட்டி, மாற்றித் தரும் வசதி) முடிவைச் சேகரிக்கும்போதும் அப்படியே: 'டுசெட்' வரிசைக்குப் பொறுப்பேற்காது, 'டுகலெக்‌ஷன்' என்று எழுதி, எந்தத் தொகுப்பு வேண்டும் என்பதை நீங்களே கொடுங்கள்.