ராம் கேட்டால் கடைக்காரர் ஏன் திருப்பிக் கேள்வி கேட்கிறார்?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் எந்தக் கணினிக் கடைக்குள் நுழைந்து "8 ஜிபி ராம் ஒன்று என்ன விலை?" என்று கேட்டாலும் விலை உடனே வராது. "டெஸ்க்டொப்புக்கா லப்டொப்புக்கா அண்ணா? டிடிஆர் எத்தனை? இப்ப உள்ளுக்குள்ள என்ன கிடக்குது?" என்று கேள்விகள்தான் வரும். அங்கேயே தடுமாறி வீட்டுக்குப் போன் போடுபவர்கள் பலர். இதில் வியாபாரத் தந்திரம் எதுவும் இல்லை. ராம் என்பது, கணினி ஓடும்போது கையில் எடுத்த தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம். ஒரு சாண் நீளம்கூட வராத அந்தப் பலகை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், அந்தக் கேள்விகளை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடலாம்.

அதற்கு முதல், ராம் தேவைதானா என்று பார்க்க வேண்டும். கணினி மெதுவாகிவிட்டது என்றால் உடனே ராமைக் கூட்டச் சொல்வது ஊர் வழக்கம். ராம் கூடினால் கணினியின் மூளையான புரொசசர் வேகமாகிவிடாது. ராம் போதாதபோது நடக்கும் ஒரு காத்திருப்பு மட்டுமே இல்லாமல் போகும். குரோமில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெரிய எக்செல் கோப்பையும் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். இடம் போதாவிட்டால் வின்டோஸ் கொஞ்ச நேரமாகத் தொடாத பகுதிகளை கோப்புகளை நிரந்தரமாக வைத்திருக்கும் ஹாட் டிஸ்க்குக்கோ, அதே வேலையைச் சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளால் செய்யும் எஸ்எஸ்டிக்கோ நகர்த்தும். திரும்பக் கேட்டால் அங்கிருந்து எடுத்து வரும். ராமில் இருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோசெக்கன் போதும். எஸ்எஸ்டியில் அது 100 மைக்ரோசெக்கன் அளவு, அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் ஹாட் டிஸ்க் என்றால் 10 மில்லிசெக்கன் வரை போகும், ஒரு இலட்சம் மடங்கு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒருதரம் சுற்றி வரவே 8 மில்லிசெக்கனுக்கு மேல் வேண்டும். எந்த மென்பொருளாலும் அதைக் குறைக்க முடியாது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ், பிறகு மெமரி. வழக்கமாகச் செய்யும் வேலைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். 60 வீதம் காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. 90 வீதத்துக்கு மேலேயே நின்றுகொண்டு, பக்கத்தில் டிஸ்க்கும் ஓயாமல் ஓடினால் ராம் போதவில்லை என்று அர்த்தம். 50 வீதத்திலேயே கணினி இழுக்கிறது, உள்ளே இருப்பதோ பழைய ஹாட் டிஸ்க் என்றால், என் பேச்சைக் கேட்டு அந்தக் காசுக்கு எஸ்எஸ்டி வாங்குங்கள்.

சரி, ராம்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. இப்போது உள்ளே போவோம்.

ஒரு பிட் தகவலைச் சேமிக்க ஒரு திரான்சிஸ்டரும் ஒரு கொள்ளளவியும் போதும் என்ற யோசனை 1966இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் டெனார்டுக்கு வந்தது. அப்போது அங்கே ஒரு பிட்டுக்கு ஆறு திரான்சிஸ்டர்கள் வைத்து நினைவகச் சில்லுகள் செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். 1968இல் டெனார்டின் யோசனைக்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று உலகில் ஓடும் ஏறத்தாழ எல்லாக் கணினிகளிலும், கைபேசிகளிலும் இருக்கும் ராம் அந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. கொள்ளளவியில் மின்னேற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. திரான்சிஸ்டர் அதன் கதவு. 8 ஜிபி பலகை ஒன்றில் இப்படி ஏறத்தாழ 6,870 கோடிக் கொள்ளளவிகள் இருக்கின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கொள்ளளவி மிகச் சின்னது, அதில் தங்குவது சில பத்தாயிரம் இலத்திரன்கள்தான். கதவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் அவை கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைச் சிரட்டையில் தண்ணீர் வைத்திருப்பது மாதிரி, வற்றுமுன் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டிடிஆர்4 என்ற தலைமுறை ராமின் விதிப்படி ஒவ்வொரு 64 மில்லிசெக்கனுக்குள்ளும் எல்லா வரிசைகளும் ஒருமுறை நிரப்பப்பட வேண்டும். சில்லின் வெப்பம் 85 பாகை செல்சியசைத் தாண்டினால் கசிவு கூடும், அப்போது இந்த அவகாசம் பாதியாகிவிடும். நீங்கள் கணினியைத் தொடாமல் தேநீர் குடிக்கப் போயிருந்தாலும் இந்த நிரப்பும் வேலை ஓயாது. வாசிப்பதிலும் இதே தொல்லைதான். கதவைத் திறந்து பார்த்த கணத்திலேயே மின்னேற்றம் கலைந்துவிடும். அதனால் சில்லு ஒரு வரிசை முழுவதையும் வாசித்து, அதே கையோடு திரும்ப எழுதி வைக்கிறது.

கரண்ட் போனால் சேமிக்காத கடிதம் காணாமல் போவதும் இதனால்தான். 2022இல் மணிக்கணக்கான மின்வெட்டுகளோடு வாழ்ந்த கொழும்புவாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் மின்சாரம் நின்ற அதே நொடியில் எல்லாம் அழிந்துவிடுவதும் இல்லை. 2008இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிறுத்திய கணினியின் ராமில் பல நொடிகளுக்குத் தகவல் மிஞ்சுகிறது என்றும், சில்லைக் குளிரூட்டினால் நிமிடக்கணக்கில் நிற்கிறது என்றும் காட்டினார்கள். டிஸ்க்கைப் பூட்டும் இரகசியச் சாவிகளையே அப்படி எடுத்துக் காட்டியபோது பாதுகாப்புத் துறைக்காரர்கள் அதிர்ந்துபோனார்கள்.

இனிக் கடைக்காரரின் கேள்விகளுக்கு வரலாம். டிடிஆர் எத்தனை என்று அவர் கேட்பதற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையின் மின்னழுத்தமும் இணைப்பும் வேறு என்பதுதான். டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், 240 பின். டிடிஆர்4க்கு 1.2 வோல்ட், 288 பின். டிடிஆர்5க்கும் 288 பின்தான், ஆனால் 1.1 வோல்ட். மின்னழுத்தத்தைச் சீராக்கும் சில்லும் மதர்போர்ட் என்ற பிரதான பலகையில் இருந்து ராம் பலகைக்கே இடம் மாறிவிட்டது. ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகிவிடாமல் இருக்க, அடிவிளிம்பில் உள்ள வெட்டை ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். லப்டொப் ராம் இன்னும் குட்டை, அது டெஸ்க்டொப் ஸ்லொட்டில் நிற்கவே நிற்காது. உங்களுடையது எது என்று அறிய சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். 3200 வேகம் என்று வாங்கிய ராமுக்கு அதில் 1600 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு தரம் தகவல் போவதால்தான் பெட்டியில் 3200 என்று போட்டிருக்கிறார்கள்.

பெட்டியில் உள்ள எண்களைப் பற்றி இன்னொரு விஷயம். 3200 வேகத்தில் ஓடும், சிஎல்16 என்று குறித்த (சிஎல் என்பது கேட்ட தகவல் வரக் காத்திருக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை) டிடிஆர்4 பலகையையும், 6000 வேகத்தில் ஓடும், சிஎல்30 என்று குறித்த டிடிஆர்5 பலகையையும் எடுங்கள். திறந்த வரிசையில் இருந்து முதல் துளித் தகவல் வெளியே வர இரண்டுக்கும் எவ்வளவு நேரம்? முதலாவதில் 16 துடிப்புகள், துடிப்புக்கு 0.625 நானோசெக்கன். மற்றதில் 30 துடிப்புகள், துடிப்புக்கு மூன்றில் ஒரு நானோசெக்கன். பெருக்கிப் பாருங்கள், இரண்டுக்கும் 10 நானோசெக்கன். உள்ளே இருப்பது அதே கசியும் கொள்ளளவி, அதை அவசரப்படுத்த முடியவில்லை. புதிய தலைமுறைகள் செய்தது, ஒருமுறை திறந்த பிறகு வெளியே கொட்டும் அளவைக் கூட்டியதுதான். வீடியோ வெட்டி ஒட்டுபவருக்கும் பெரிய விளையாட்டுகள் ஆடுபவருக்கும் அது பயன்படும். கணக்குப் புத்தகமும் மின்னஞ்சலும் பார்ப்பவர் 3200க்கும் 3600க்கும் வித்தியாசம் கண்டுபிடித்தால் ஆச்சரியம்தான். ராமின் அளவு, அதாவது ஜிபி, கூடுவதை உணரலாம். வேகம் கூடுவதை உணர்வது அபூர்வம். வண்ண விளக்குப் போட்ட ராம் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி பலர் நினைப்பதைவிட முக்கியமானது. சாதாரண டெஸ்க்டொப்பின் புரொசசருக்கும் ராமுக்கும் இடையே இரண்டு பாதைகள் உண்டு, ஒவ்வொன்றும் 64 பிட் அகலம். டிடிஆர்4 3200இல் ஒரு பாதையால் நொடிக்கு 25.6 ஜிபி போகும். இரண்டு பாதையும் திறந்தால் 51.2. ஒரேயொரு 16 ஜிபி பலகை போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். இரண்டு 8 ஜிபி போட்டால் இரண்டும் ஓடும். கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கணினியில் திரைக்கான வேலையும் இந்த ராமையே நம்பியிருப்பதால் அங்கே வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஏற்கெனவே 8 ஜிபி ஒன்று இருந்தால் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்குவதுதான் புத்தி. வேகம் மாறினாலும் பெரும்பாலும் வேலை செய்யும், ஆனால் இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே போகும். ஒவ்வொரு பலகையிலும் தன் விவரத்தைச் சொல்லும் சின்னச் சில்லு ஒன்று இருக்கிறது. கணினி எழும்பும்போது மதர்போர்ட் அதை வாசித்து, எல்லோருக்கும் ஒத்துவரும் வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறது. 3200 வாங்கியும் 2133 அல்லது 2400 என்று காட்டினால், கணினி எழும்பும்போது முதலில் ஓடும் பயோசின் அமைப்புத் திரையில், பெட்டியில் போட்ட வேகத்துக்கு ராமைக் கொண்டுவரும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கிப் பார்க்க வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் புரொசசர்களுக்கான டிடிஆர்5 போர்டுகளில் அதன் பெயர் எக்ஸ்போ. பழைய போர்டுகள் பல 2666க்கு மேல் போகாது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

கொழும்பில் பாவித்த அலுவலகக் கணினிகள் நிறையப் புழங்குகின்றன. அவற்றுக்கு ராம் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. சேர்வர்களில் இருந்து கழற்றிய டிடிஆர்4 பலகைகள் மலிவாகக் கிடைக்கும், வெட்டும் அதே இடத்தில் இருப்பதால் ஸ்லொட்டுக்குள் அழகாகப் போய் உட்காரும். ஆனால் சாதாரண டெஸ்க்டொப் அதோடு எழும்பாது. புரொசசருக்கும் சில்லுகளுக்கும் நடுவில் நின்று கட்டளைகளை வாங்கிக் கடத்தும் இன்னொரு சில்லு அதில் இருப்பதுதான் காரணம். ஸ்டிக்கரில் வேக எண்ணை அடுத்து, கோட்டுக்குப் பின்னால் ஆங்கில எழுத்து யு இருந்தால் வாங்கலாம். ஆர் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

விலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உலகின் ராம் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியை சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களே செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் அவற்றின் உற்பத்தியை அள்ளத் தொடங்கியதும் 2025இன் பிற்பகுதியில் விலை கிடுகிடுவென ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், வீட்டுப் பாவனையாளர்களுக்கு விற்றுவந்த குரூஷல் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. இறக்குமதியை நம்பிய நமக்கு டொலர் விலையும் இதோடு சேரும். அதனால் யூனிட்டி பிளாசாவிலேயே நாலு கடை ஏறி இறங்கிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பொருத்துவது சின்ன வேலை. கணினியை நிறுத்தி, சுவர் சுவிட்சையும் அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். ஈரக்காற்றுள்ள கொழும்பில் நிலைமின் பயம் வறண்ட நாடுகளில் இருக்கும் அளவுக்கு இல்லை, ஏசி அறையில் அது மாறும். சுமார் 3,000 வோல்ட்டுக்குக் குறைந்த நிலைமின்னை நம் விரல் உணரவே உணராது, சில்லுக்கு அதைவிட மிகக் குறைவானதே ஆபத்து. பெட்டியின் வர்ணம் பூசாத இரும்பைத் தொட்டுவிட்டு, பலகையை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள்.

நாலு ஸ்லொட் உள்ள போர்டுகளில் இரண்டு பலகை போடும்போது, பெரும்பாலும் புரொசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் சரியான இடம். போர்டின் கையேடு வேறு சொன்னால் அதன்படி செய்யுங்கள். ஓரக் கொளுவியைத் திறந்து, வெட்டைப் பொருத்திப் பார்த்து, இரு முனைகளிலும் பெருவிரல்களால் அழுத்த வேண்டும். வெட்டு பொருந்தாவிட்டால் பலம் போடக்கூடாது. பொருந்திவிட்டால் கொஞ்சம் துணிந்தே அழுத்தலாம், கொளுவி 'டக்' என்று தானாக மூட வேண்டும். புது ராம் பழுது என்று கடைக்குத் திரும்பி வருவதில் பல, பாதி மட்டும் உட்கார்ந்தவை.

முதல்முறை எழும்பும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே நிற்கலாம். மதர்போர்ட் புதிய பலகையோடு பேசிப் பழகும் நேரம் அது, டிடிஆர்5இல் சில நிமிடங்கள்கூட ஆகும். அப்புறமும் வராவிட்டால் கழற்றித் திரும்பச் செருகுங்கள். வெள்ளவத்தையில் கடலுக்குப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று இணைப்புகளைக் கெடுப்பதுண்டு. திருத்துபவர்கள் பொன்முலாம் பூசிய பின்களை அழிரப்பரால் தேய்ப்பார்கள். அது வேலை செய்யும்தான், ஆனால் முலாம் தேயும். பஞ்சில் ஐசோபுரொபைல் அல்ககோல் தொட்டுத் துடைப்பது நல்லது.

எழும்பிவிட்டது, அளவும் சரியாகக் காட்டுகிறது என்றால் மெம்டெஸ்ட்86 என்ற இலவசக் கருவியை ஒரு இரவு ஓடவிடுங்கள். 6,870 கோடியில் சில கொள்ளளவிகள் பழுதானாலும் கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு புகைப்படத்தின் பாதி சாம்பல் நிறமாகும், அல்லது வாரத்தில் ஒருநாள் காரணமில்லாமல் நீலத்திரை வரும், ராமைச் சந்தேகிக்கவே தோன்றாது. சோதனையில் சிவப்பு வரி ஒன்று வந்தாலும் அந்தப் பலகை கடைக்குத்தான் போக வேண்டும். பில்லையும் பெட்டியையும் எறியாதீர்கள். பலகையில் கடைக்காரர் ஒட்டிய சின்ன வாரண்டி ஸ்டிக்கர் மீது அல்ககோல் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், திகதி அழிந்தால் மாற்றித் தரமாட்டேன் என்று சொல்லும் கடைகள் உண்டு.