என்ஜினுக்குப் பெட்ரோல் போய்ச் சேரும் வழி

அமெரிக்காவில் தங்களுக்கான விமானத்தைத் தாங்களே கட்டிக்கொள்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேலையில் பாதிக்கு மேல் பொழுதுபோக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ சொந்தக் கையால் செய்திருந்தால் போதும், அந்நாட்டு விமானத் துறை நிர்வாகமான எஃப்ஏஏ அதைப் 'பரிசோதனை' வகையில் பதிவுசெய்து பறக்க அனுமதிக்கும். கார் ஷெட்டில் இறக்கையைக் கோத்து முடித்தவரிடம் பேச்சுக் கொடுத்தால், என்ன என்ஜின் போடப்போகிறார் என்பதிலேயே அரை மணி நேரம் ஓடிவிடும். டேங்கிலிருந்து அந்த என்ஜினுக்குப் பெட்ரோல் எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு அவ்வளவு நீளமான பதில் வருவதில்லை. ஆபத்து அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் இவ்வகை விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. தனியார் சிறு விமானங்களில் ஏறக்குறைய 10 சதவீதமே உள்ள இவை, 2011-ல் நடந்த விபத்துகளில் சுமார் 15 சதவீதத்திலும், உயிர் பறித்த விபத்துகளில் 21 சதவீதத்திலும் இருந்தன. என்ஜின் சக்தி போவதும் விமானி கட்டுப்பாட்டை இழப்பதும் முதன்மைக் காரணங்கள். வாரியத்தின் பரிந்துரைகளில் ஒன்று, எரிபொருள் அமைப்பை இயக்கிச் சோதித்ததற்கான பதிவைப் பார்த்த பிறகே பறக்கத் தகுதியானது என்ற முதல் சான்றைத் தர வேண்டும் என்பது.

முதலில் என்ஜின். வடிவமைத்தவர் ஒரு சக்தி எல்லையைச் சொல்லியிருப்பார். உதாரணமாக ஆர்வி-9 என்ற இருவர் விமானத்துக்கு 118 முதல் 160 குதிரைத்திறன் வரை. அதைத் தாண்டினால் கூடுதலாகக் கிடைக்கும் வேகத்துக்கு இறக்கையும் வாலும் கணக்கிடப்படவில்லை. எடையும் சும்மா விடாது. சமநிலைப் புள்ளிக்கு 1.2 மீட்டர் முன்னால் 10 கிலோ கூடினால், 4 மீட்டர் பின்னால் 3 கிலோ ஈயம் கட்டித்தான் ஈடுசெய்ய முடியும். ஒரு தேவைக்கு இரண்டு சுமை.

வழக்கமான தேர்வுகள் இரண்டு. லைகாமிங் ஓ-320 சுமார் 5.2 லிட்டர் கொள்ளளவு கொண்டது, காற்றால் குளிர்வது, நிமிடத்துக்கு 2,700 சுற்றில் 150 அல்லது 160 குதிரைத்திறன் தரும். ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் வெறும் 1.35 லிட்டர்தான், ஆனால் 5,800 சுற்று ஓடி 100 குதிரைத்திறன் தரும். அந்த 5,800-ம் ஐந்து நிமிடத்துக்கு மட்டுமே. தொடர்ந்து ஓட்ட 5,500. இந்த வேகத்தை அப்படியே புரொப்பெல்லருக்குக் கொடுக்க முடியாது. 1.7 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் 5,800 சுற்றில் சுழன்றால் அதன் நுனி நொடிக்கு 516 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமே 340 சொச்சம்தான். நுனி ஒலியைத் தாண்டினால் இரைச்சல் பெருகும், உந்துவிசை சரியும். அதனால் 2.43-க்கு 1 என்ற கியர்பாக்ஸ் நடுவில் வருகிறது; நுனிவேகம் 212 மீட்டருக்கு இறங்குகிறது. அந்தக் கியருக்கும் என்ஜினுக்கும் ஒரே எண்ணெய். ஆகவே ஈயம் கலந்த விமானப் பெட்ரோலைத் தொடர்ந்து ஊற்றினால் ஈயப் படிவு கியர் வரைக்கும் போய்ச் சேரும். எண்ணெயைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழி, விலை குறைவு என்பதால் பலரைக் கவர்கிற கார் என்ஜின். முதல் விமானம் கட்டுகிறவருக்கு இது வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. நெடுஞ்சாலையில் கார் தன் சக்தியில் சிறு பகுதியை வைத்தே ஓடுகிறது. விமானத்தில் அதே என்ஜின் முக்கால் சக்தியில் மணிக்கணக்காக உழைக்க வேண்டும். கெட்டுப்போவது பெரும்பாலும் என்ஜினின் உள்பாகங்கள் அல்ல. அதைச் சுற்றி நாம் புதிதாக யோசித்துச் சேர்த்தவை: ரேடியேட்டர், வேகம் குறைக்கும் கியர், ஒரே பேட்டரியை நம்பிய பற்றவைப்பு. சட்டமும் இதைக் கணக்கில் வைத்திருக்கிறது. சான்று பெற்ற என்ஜினும் புரொப்பெல்லரும் ஜோடியாக இருந்தால் சோதனைப் பறத்தல் வழக்கமாக 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40.

இனி பெட்ரோல். இறக்கை மேலே உள்ள விமானத்தில் டேங்க் உயரத்தில் இருப்பதால் பெட்ரோல் தானாக இறங்கும். பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். இதைவிட நம்பகமான ஏற்பாடு கிடையாது. ஆனால் தரையில் நிற்கும்போது பார்த்த உயரம் ஏறும்போது இருக்காது. டேங்கின் வாய் கார்புரேட்டருக்கு 70 செ.மீ. மேலேயும் ஒன்றரை மீட்டர் பின்னாலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூக்கை 15 பாகை தூக்கியதும் கார்புரேட்டர் மேலே எழும்பி, அந்த 70 செ.மீ. 30-க்கும் கீழே சுருங்கிவிடும். அழுத்தம் பாதிக்கும் கீழ். ஓட்டம் முன்பிருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. என்ஜின் அதிகமாகக் குடிக்கும் நேரமும் அதே ஏற்றம்தான். ஓடுபாதையில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது ஒழுங்காக இருந்த என்ஜின் 100 மீட்டர் உயரத்தில் மூச்சுத் திணறுவதற்கு இந்த எளிய கணக்கு காரணமாகலாம்.

இறக்கை கீழே இருந்தால் பம்ப் கட்டாயம். என்ஜினோடு சுழலும் ஒரு இயந்திரப் பம்ப், அது செத்தால் காக்க ஒரு மின் பம்ப். இந்த வகையில் இரண்டு டேங்கையும் ஒரே நேரத்தில் திறந்துவிடக் கூடாது. ஒரு டேங்க் காலியானதும் பம்புக்குப் பெட்ரோலை உறிஞ்சுவதைவிடக் காற்றை உறிஞ்சுவது சுலபம். பக்கத்து டேங்க் நிறைந்திருந்தாலும் காற்றைத்தான் இழுக்கும். அதனால்தான் எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று தீர்மானிக்கும் தேர்வு வால்வில் இடது, வலது, மூடு என்று மூன்று நிலை மட்டும் இருக்கும்.

அந்த வால்வு எங்கே இருக்கிறது என்பதுகூட உயிர்ப் பிரச்சினை. 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் பசிஃபிக் குரோவ் அருகே கடலில் விழுந்து பாடகர் ஜான் டென்வர் இறந்தார். அவர் ஓட்டியது வேறொருவர் கட்டிய லாங்-ஈஸி என்ற வகைச் சிறு விமானம். வடிவமைப்பாளர் பர்ட் ருட்டானின் வரைபடத்தில் தேர்வு வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். கைப்பிடியில் எந்தக் குறியும் இல்லை. அது காட்டும் திசைக்கும் டேங்க் இருக்கும் பக்கத்துக்கும் பொருத்தமும் இல்லை. பெட்ரோல் அளவைக் காட்டும் கண்ணாடியும் முதுகுக்குப் பின்னால்தான், அதிலும் அளவுக் கோடு கிடையாது. வால்வை எட்ட வேண்டுமென்றால் வலது கை ஸ்டிக்கை, அதாவது விமானத்தை ஓட்டும் கோலை, விட வேண்டும், உடல் இடப்புறம் முறுக வேண்டும். அப்படி முறுகும்போது வலது கால் தன்னையறியாமல் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரட்டர் பெடலை மிதிக்கிறது. விமானம் கட்டுப்பாட்டை இழந்தது அப்படித்தான் என்பது விசாரணையின் முடிவு. போதிய பெட்ரோல் நிரப்பாமல் புறப்பட்டதையும், அவருக்கு அந்த விமானத்தில் போதிய பயிற்சி இல்லாததையும் வாரியம் சேர்த்தே குறிப்பிட்டது. உங்கள் விமானத்தில் பெல்ட் கட்டிய நிலையில், கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டிக்கை விடாமல் அந்த வால்வைத் திருப்ப முடிய வேண்டும். முடியவில்லையென்றால் இடம் தப்பு.

குழாய் வேலைக்கு வருவோம். பொதுவாகப் போடுவது 3/8 அங்குல மென் அலுமினியக் குழாய், 5052-ஓ ரகம். கட்டரால் மெதுவாகச் சுற்றி வெட்டி, உள்விளிம்பில் எழும்பும் பிசிறைச் சுரண்டி எடுத்து, நட்டையும் ஸ்லீவையும் முதலில் கோத்துவிட்டுப் பிறகு வாயை விரிக்க வேண்டும். விரித்தபின் நட் உள்ளே போகாது. எல்லாரும் ஒரு குழாயையாவது இப்படி வீணாக்கியிருப்பார்கள். விமானத்துக்கான ஃபிளேர், அதாவது விரித்த வாயின் சாய்வு, 37 பாகை. கார் கடையில் கிடைக்கும் கருவி 45 பாகை. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், நட்டும் முறுகி உட்காரும், ஆனால் உலோகம் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். அதிர்வில் அங்கேதான் விரிசல் விடும். விரித்த வாயை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஒரு கீறல் தெரிந்தாலும் வெட்டி எறியுங்கள்.

பிளம்பர்கள் சுற்றுகிற வெள்ளை டேப்பை எரிபொருள் குழாயில் எங்குமே போடாதீர்கள். மரையில் நறுங்கி உதிரும் அதன் இழை வடிகட்டியைத் தாண்டிய இடத்தில் இருந்தால் நேரே கார்புரேட்டரின் ஊசித்துளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். பெட்ரோலில் கரையாத பசையை, முதல் மரையை விட்டுவிட்டு இரண்டாவது மரையிலிருந்து தடவினால் போதும். கூம்பு மரைக்கு மட்டுமே அதுவும்; 37 பாகை ஃபிளேருக்கு எதுவும் தேவையில்லை.

பம்புக்கு முன்னால் உள்ள இணைப்பு தளர்ந்திருந்தால் சொட்டாது, வாடையும் வராது. அங்கே உறிஞ்சல் நடப்பதால் பெட்ரோல் வெளியே வருவதில்லை, காற்று உள்ளே போகிறது. தரையில் துடைத்துப் பார்த்து 'கசிவில்லை' என்று எழுதிவைத்தவர் காற்றில் ஏமாந்துபோவது இதனால்தான். குழாயில் இலேசான காற்றழுத்தம் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். டேங்கைச் சோதிக்க ஒரு சாதாரண பலூன் போதும்: திறப்புகளையெல்லாம் அடைத்துவிட்டு, ஊதிய பலூனை ஒரு குழாயில் மாட்டி இரவு முழுக்க விட்டு, காலையில் அதே வெப்பநிலையில் சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. கம்ப்ரஸரை நேராக மாட்டினால் டேங்க் பிதுங்கிக் கெட்டுவிடும்.

என்ஜின் ரப்பர் தாங்கிகளில் ஆடுவதால் என்ஜின் அறையை விமானி அறையிலிருந்து பிரிக்கும் தீத்தடுப்புச் சுவருக்கு முன்னால் வளையும் ஹோஸ்தான் போட வேண்டும், அதன்மேல் தீயுறை. சுவர் 0.38 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுத் தகடு. அதைத் துளைத்துப் போகும் இணைப்பும் எஃகாக இருக்கட்டும். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். பெட்ரோல் தீ அதைச் சுலபமாகத் தாண்டும். நீல நிற அலுமினிய இணைப்பு ஒன்று அந்தச் சுவரில் இருந்தால், தீப்பிடித்த சில நிமிடங்களில் அது ஒரு திறந்த பெட்ரோல் குழாய்.

பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போகும் வழியையும் கவனிக்க வேண்டும். பைக் டேங்க் மூடியின் துளை அடைத்துக்கொண்டு வண்டி நின்றுபோய், மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய் மறுபடி ஓடியதை நம்மில் பலர் பார்த்திருப்போம். விமானத்தில் அந்த மூடியைத் திறக்க வழியில்லை. இறக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குழாய்க்குள் மண்குளவி கூடு கட்டுவதற்கு ஒரு வாரம்கூட வேண்டாம். வாயில் நுண்வலை வைத்து, நுனியைப் பறக்கும் திசைக்குச் சாய்வாக வெட்டிவிடுவது நல்லது.

ஆவி அடைப்பு தனி விவகாரம். டீசல் வண்டியில் மெக்கானிக் சொல்லும் 'ஏர் லாக்' வெளிக்காற்று புகுவது. இங்கே பெட்ரோலே கொதித்துக் குமிழியாகிறது. பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு, உயரே போகப் போக வெளியழுத்தமும் குறைவு, என்ஜின் அறையில் வெப்பம். மூன்றும் சேர்ந்தால் பம்ப் குமிழியை மென்றுகொண்டிருக்கும், அழுத்தமுள் ஆடும். இறங்கி, நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து மறுபடி கிளப்பும்போதுதான் இது மிக மோசம், ஏனென்றால் குளிர்விக்கக் காற்றோட்டம் இல்லாமல் உள்ளே எல்லாம் வெந்திருக்கும். மின் பம்பைத் தீச்சுவருக்குப் பின்னால், டேங்குக்குப் பக்கத்தில், தாழ்வாக வையுங்கள். தள்ளப்படும் பெட்ரோல் கொதிப்பதில்லை. இழுக்கப்படும் பெட்ரோல்தான் கொதிக்கிறது. ஒவ்வொரு 90 பாகை முழங்கை இணைப்பும் உறிஞ்சலைக் கடினமாக்கும், ஆகவே குழாயையே வளையுங்கள். ரோட்டாக்ஸில் டேங்குக்குத் திரும்பும் ஒரு சிறு குழாய் உண்டு. சூடான பெட்ரோலையும் குமிழியையும் அது திருப்பி அனுப்பிவிடும். அதை வேலை மிச்சம் என்று விட்டுவிடக் கூடாது. பங்க் பெட்ரோல் விமானப் பெட்ரோலைவிடச் சீக்கிரம் ஆவியாகக் கூடியது என்பதையும் மறக்க வேண்டாம். எத்தனால் 10 சதவீதம் வரைதான் ரோட்டாக்ஸுக்கு அனுமதி. இந்தியாவில் இப்போது விற்கும் 20 சதவீதக் கலவை அந்த எல்லைக்கு வெளியே.

கடைசியில், அளந்து பார்க்கும் வேலை. எஃப்ஏஏயின் சோதனைப் பறத்தல் வழிகாட்டி தரும் கணக்கு இது: ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.55 பவுண்டு பெட்ரோல். தானாக இறங்கும் அமைப்பு அதன் 150 சதவீதத்தையும், பம்ப் அமைப்பு 125 சதவீதத்தையும் தர வேண்டும். 160 குதிரைத்திறனுக்கு மணிக்கு 88 பவுண்டு. பம்ப் என்றால் 110 பவுண்டு, அதாவது சுமார் 69 லிட்டர். நான்கு லிட்டர் வடிய 3 நிமிடம் 27 நொடிக்கு மேல் ஆகக் கூடாது.

விமானத்தைக் கட்டிப்போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எதிர்பார்க்கும் செங்குத்தான ஏற்றத்தைவிட 5 பாகை கூடுதலாக மூக்கைத் தூக்கி நிறுத்துங்கள். வால்சக்கர விமானமாக இருந்தால் வாலுக்கு ஒரு குழி தோண்டினால் போதும், மூக்குச்சக்கரம் இருந்தால் சாய்தளம் வேண்டும். டேங்கில் குறைந்த அளவு பெட்ரோல் மட்டும். கார்புரேட்டரில் நுழையும் இடத்தில் ஹோஸைக் கழற்றி, அதை ஓர் உலோகக் கேனில் விடுங்கள். கேனையும் விமானத்தையும் கம்பியால் இணைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கேனில் தேங்கும் நிலைமின்சாரத்தின் ஒரு பொறியே தீப்பிடிக்கப் போதும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு டேங்கையும் தனித்தனியாக ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். மின் பம்பின் வேலை இதில் தெரிந்துவிடும். இயந்திரப் பம்பை என்ஜின் ஓடும்போது, மின் பம்பை அணைத்துவிட்டு, அழுத்தமுள்ளைப் பார்த்துத்தான் சோதிக்க முடியும்.

ஓட்டம் குறைந்தால் கார்புரேட்டர் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி, அங்கங்கே மறுபடி அளந்துகொண்டே வாருங்கள். எந்த இடத்தில் அளக்கும்போது ஓட்டம் சரியாக இருக்கிறதோ, அடைப்பு அந்த இடத்துக்கும் அதற்கு முன் கழற்றிய இணைப்புக்கும் நடுவில்: பாதி மூடிய வால்வு, நசுங்கிய வளைவு, டேங்க் கட்டியபோது உள்ளே தங்கிய பசைத்துணுக்கு மூடிய வடிகட்டி. சரியாக ஓடினால் தாரை அறும்வரை விட்டுவிட்டு, டேங்கில் மிஞ்சியதை வடித்து அளங்கள். பயன்படுத்த முடியாத பெட்ரோல் அதுதான். அளவுமுள்ளின் பூஜ்ஜியத்தை அங்கே வைத்து, பிறகு விமானத்தை மட்டமாக நிறுத்தி, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி முள் நிற்கும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் பதிவேட்டில் ஒட்டப்பட்ட பிறகே முதல் பறத்தலுக்கான தேதியைப் பேச வேண்டும். பின்னால் என்றாவது ஒரு வால்வையோ பம்பையோ ஹோஸின் வழியையோ மாற்றினால், இந்த அளவெடுப்பை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள்.