விடுபிடி: ராட்செட்டைப் ‘பற்சக்கரம்’ என்பது ஏன் தவறு

குறைந்த செலவில் நல்ல கருவி வாங்குவது எப்படி என்று சொல்லித்தரும் தமிழ்க் கட்டுரைகளில் ‘கைப் பற்சக்கரம்’ என்ற சொல் அண்மையில் என் கண்ணில் அடிக்கடி படுகிறது. முதன்முறை படித்தபோது ஏதோ அரவை இயந்திரத்தின் உறுப்பைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எண்ணிக் கடந்துவிட்டேன். அடுத்த முறை ‘உங்கள் வரவுசெலவுத் திட்டத்திற்குள் தரமான கைப் பற்சக்கரத்தைத் தேர்ந்தெடுங்கள்’ என்ற வரியின் பக்கத்தில் படம் இருந்ததால்தான், அவர்கள் சொல்வது ராட்செட் என்று விளங்கியது. பற்சக்கரத்தைக் கையில் பிடித்து எவரும் நட்டு கழற்றியதில்லை. (வரவுசெலவுத் திட்டம் அரசாங்கம் போடுவது, கருவி வாங்கப் போகிறவனிடம் இருப்பது கைப்பணம். அதைத் தனியே ஒரு நாள் பேச வேண்டும்.)

ராட்செட் என்பது, நட்டைக் கவ்வும் குழல் போன்ற சாக்கெட்டைப் பொருத்தி நட்டையோ போல்ட்டையோ திருப்புவதற்கான கைப்பிடி. அதன் தலைக்குள் பல் வெட்டிய ஒரு சக்கரமும், அந்தப் பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும் ஒரு சிறு தடுப்புக் கட்டையும், அக்கட்டையைப் பல்லோடு அழுத்திவைக்கும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் கட்டை பல்லைப் பிடித்து நட்டைத் திருப்பும்; மறுபக்கம் இழுத்தால் பல்லின் மேல் வழுக்கி, ‘டிக் டிக்’ என்று ஒலித்தபடி நட்டை அதே இடத்தில் விட்டுவிட்டுக் கைப்பிடி மட்டும் திரும்பி வரும். சாதாரண ஸ்பேனரை ஒவ்வொரு முறையும் எடுத்து மாற்றிப் போட வேண்டிய வேலையை இது மிச்சப்படுத்துகிறது. மிதிப்பதை நிறுத்திய பிறகும் சைக்கிள் ஓடுகிறதே, அந்த ஃப்ரீவீலுக்குள் இருப்பதும் இதே தத்துவம்தான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரெஞ்சு மொழியின் ‘ரொஷே’ என்ற சொல்லிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு நூல் சுற்றும் கட்டை என்றும் மழுங்கிய ஈட்டிமுனை என்றும் பொருள் இருந்தது. அதற்கும் பின்னால், நூற்பதற்குரிய பஞ்சைச் சுற்றிவைக்கும் கோலைக் குறித்த ஒரு ஜெர்மானிய வேர் இருக்கிறது. நூற்புக் கருவி என்றதும் நம் இராட்டையிலிருந்துதான் ராட்செட் வந்தது என்று சொல்ல யாரேனும் கிளம்புவார்கள். அவ்விரண்டுக்கும் ஓசை ஒற்றுமையைத் தவிர வேறு உறவு இல்லை. சாக்கெட்டோடு கூடிய ராட்செட்டுக்கு 1863ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜே. ஜே. ரிச்சர்ட்சன் என்பவர் காப்புரிமை பெற்றார். பிறப்புக் கதை இவ்வளவே. இதை வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல் எதையும் ஆக்க முடியாது.

இனிப் ‘பற்சக்கரம்’. இச்சொல்லின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. கியர் என்பதற்கு அது மிகப் பொருத்தமான சொல். பல்லோடு பல் கோத்து ஒரு சக்கரம் இன்னொன்றைச் சுழற்றும் அமைப்பைக் கேட்டவுடன் கண்முன் நிறுத்துகிறது. அதனாலேயே ராட்செட்டுக்கு அதைக் கொடுப்பது தவறாகிறது. பற்சக்கரத்துக்குத் துணையாக இன்னொரு பற்சக்கரம் வேண்டும், அது இரு திசையிலும் சுழலும், விசையைக் கடத்துவதே அதன் வேலை. ராட்செட்டில் இருப்பது ஒரே சக்கரம். அதன் சிறப்போ ஒரு திசையில் மறுப்பது.

இதற்கு மறுமொழியாக, ‘ராட்செட்டிலும் பல் வெட்டிய சக்கரம் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. ஆனால், அந்தச் சக்கரத்தை மட்டும் வெளியே எடுத்துப் பார்த்தால் அதில் ராட்செட் என்று சொல்லத்தக்கது ஒன்றுமே இல்லை. கடிகாரத்திலும் சைக்கிளிலும் பல்லே ஒரு பக்கம் சாய்ந்து ரம்பப் பல் போல இருப்பதால், எந்தப் பக்கம் சுழலும் என்பதைப் பல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம். திசை மாற்றக்கூடிய கை ராட்செட்டிலோ பல்லின் இரு பக்கமும் ஒத்த சாய்வோடு இருப்பதே வழக்கம். இறுக்குவதா கழற்றுவதா என்பதைத் தீர்மானிப்பது தடுப்புக் கட்டை. தலையின் பின்புறமுள்ள சிறு நெம்பைத் தள்ளும்போது அக்கட்டையின் ஒரு முனை விலகி மறுமுனை பல்லில் விழுகிறது. கருவியின் உயிர் அந்தக் கட்டையில் இருக்க, சக்கரத்துக்குப் பெயர் சூட்டுவது, பூட்டைப் பார்த்துக் கதவு என்று சொல்வதைப் போன்றது.

வெறும் பெயர்த் தகராறாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். தவறான சொல் வாங்குகிறவனின் பணத்தையும் வீணாக்குகிறது. நான் படித்த கட்டுரை, ‘பற்கள் கூடக்கூடப் பற்சக்கரத்தின் வலிமை கூடும்’ என்று அறிவித்தது. பற்சக்கரம் என்று பெயர் வைத்துவிட்டால் பல்லை எண்ணுவதைத் தவிர வேறு எதைப் பார்க்கத் தோன்றும்? உண்மையில் பல்லின் எண்ணிக்கை சொல்வது வலிமையை அன்று, வீச்சை. 36 பல்லுள்ள ராட்செட்டில் கைப்பிடியை 10 பாகை நகர்த்தினால்தான் அடுத்த பல் கிடைக்கும். 72 பல்லுக்கு 5 பாகை போதும். 90 பல்லுக்கு 4 பாகை. கை நுழையாத இடுக்கில் 10 பாகை அசைக்க இடமில்லாதபோது 72 பல் காப்பாற்றும். அதே அளவுத் தலைக்குள் பல்லைக் கூட்டினால் ஒவ்வொரு பல்லும் சிறுத்துப்போகும் என்பதால், ஒரே நேரத்தில் எத்தனை பல்லைக் கட்டை பற்றுகிறது, எஃகுக்கு எவ்வளவு நன்றாகப் பதமேற்றியிருக்கிறார்கள் என்பனவே தாங்குதிறனைத் தீர்மானிக்கின்றன. மலிவான 72 பல்லைவிட நன்றாகச் செய்த 36 பல் முரட்டு வேலைக்கு நெடுநாள் உழைக்கும்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 120 என்று விளம்பரம் செய்யப்படும் ராட்செட்டுகள் சிலவற்றில் பல் 60தான் இருக்கிறது. இரண்டு தடுப்புக் கட்டைகளை அரைப் பல் தள்ளி அமைத்து, ஒன்று மாற்றி ஒன்று விழும்படி செய்திருப்பதால் ஒரு சுற்றுக்கு 120 இடங்களில் பிடிப்புக் கிடைக்கிறது. ஒவ்வொரு பிடிப்புக்கும் 3 பாகை. ஏமாற்று ஒன்றும் இல்லை, நல்ல உத்தி. ஆனால், ‘120 பற்கள் கொண்ட பற்சக்கரம்’ என்று அதை மொழிபெயர்ப்பவர் இல்லாத 60 பல்லை முளைக்கவைக்கிறார்.

வேறு மொழிகள் என்ன செய்தன என்று பார்த்தால், பெரும்பாலும் காதைத்தான் நம்பியிருக்கின்றன. ஜெர்மானியரின் ‘ராட்ஷே’, ‘க்னாரே’ இரண்டும் ஒலியால் வந்த பெயர்கள், பிரெஞ்சின் ‘கிளிக்கே’யும் அப்படியே, ஸ்பானியத்தில் ‘கர்ராக்கா’ என்றால் இந்தக் கருவியும் உண்டு, சுழற்றிச் சத்தமெழுப்பும் கிலுகிலுப்பையும் உண்டு. தமிழிலும் அப்படி ஒன்று இயலாதா என்று சில நாள் ஆசைப்பட்டேன். கறங்கு என்ற பழஞ்சொல்லுக்குச் சுழல்வது, ஒலிப்பது ஆகிய இரு பொருளும் இருக்கின்றன. ‘கறங்கி’ என்று வைத்தால் சுழலும்போது ஒலிப்பது என்று அழகாகப் பொருந்தும். அழகு மட்டும்தான் மிஞ்சும். கறங்கு என்பதை அறிந்தவர் கையில் எண்ணெய்க் கறை இராது, எண்ணெய்க் கறை உள்ளவர் அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கும். ஆகவே கைவிட்டேன்.

‘ஒருவழித் திருகுசாவி’ என்று இன்னொரு பரிந்துரை உண்டு. பற்சக்கரத்தைவிட நூறு மடங்கு மேல். கருவியின் தன்மையைச் சொல்கிறது. இரண்டு குறை காண்கிறேன். நெம்பைத் தள்ளினால் திசை மாறிவிடும் கருவியை ஒருவழி என்றால், கழற்றுவதற்கு ஒன்றும் இறுக்குவதற்கு ஒன்றுமாக இரண்டு வாங்க வேண்டுமோ என்று புதியவன் மயங்குவான். அடுத்து, நட்டைக் கவ்வுவது சாக்கெட். ராட்செட் அதைத் திருப்பும் பிடி மட்டுமே. சாவி என்ற சொல்லே போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்ததாயிற்றே, தனித்தமிழில் ‘திருகுதிறவுகோல்’ என்றல்லவா சொல்ல வேண்டும் என்று வாதிடுவோரோடு நான் சேர மாட்டேன். போர்ச்சுக்கீசியத்தில் ‘ஷாவி’ என்றால் பூட்டைத் திறப்பதும் உண்டு, நட்டைத் திருப்புவதும் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல் இரண்டுக்கும் போதுமாக இருக்க, நாம் திறவுகோலால் நட்டைத் திறக்கப் போவது எதற்கு? தூய்மை நல்லதுதான், ஆனால் தெளிவை விற்று அதை வாங்குவதற்கில்லை.

என் பரிந்துரை ‘விடுபிடி’. ஒரு பக்கம் விடும், மறுபக்கம் பிடிக்கும். எந்தப் பக்கம் விடுவது, எந்தப் பக்கம் பிடிப்பது என்பதைச் சொல் கட்டுப்படுத்தவில்லை, எனவே நெம்பைத் தள்ளினாலும் பெயர் பொய்யாகாது. கத்திப்பிடி, அரிவாள்பிடி என்ற வழக்கில் பிடி என்பது கைப்பிடியையும் குறிப்பதால், இது சாக்கெட்டைத் திருப்பும் பிடிதான் என்பதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. விடுவதும் பிடிப்பதும் என உம்மைத்தொகையாக விரித்தாலும் சரி, விடுகின்ற பிடி என வினைத்தொகையாகக் கொண்டாலும் சரி, கருவி அதுவேதான். ‘விடாப்பிடி’ ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருப்பதால் நாக்குக்குப் பயிற்சியும் வேண்டியதில்லை. தடுப்புக் கட்டைக்குத் ‘தாழ்’ என்ற பழைய சொல்லே போதும். தாழ்ப்பாளில் அது செய்யும் வேலையைத்தான் இங்கும் செய்கிறது. சக்கரத்தை வேண்டுமானால் விடுபிடிச் சக்கரம் என்க. பட்டறையில் நிற்கும்போது நானும் ராட்செட் என்றே கேட்பேன். அந்தச் சொல்லை யாரிடமிருந்தும் பிடுங்க வேண்டியதில்லை. எழுத்தில் தமிழாக்கித்தான் தீருவேன் என்று உட்காருகிறவருக்கே இந்தப் பேச்சு.

சொல் சரியாக அமைந்தால் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அதிலிருந்தே வருகிறது. கையில் பணம் அளவாக இருப்பவர் பார்க்க வேண்டியது, அது எப்படி விடுகிறது, எப்படிப் பிடிக்கிறது என்பதைத்தான். சாக்கெட் மாட்டும் சதுரமுனையை இரு விரலால் மெல்லப் பற்றிக்கொண்டு கைப்பிடியைப் பிடிப்பில்லாத திசையில் அசைத்துப் பாருங்கள். விரலின் சிறு அழுத்தத்துக்கே முனை அசையாமல் நின்று கைப்பிடி மட்டும் திரும்பினால் நன்றாக விடுகிறது. முனையும் கூடவே வந்தால், பாதி கழன்ற நட்டு அதோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடுமே தவிரக் கழலாது. அடுத்து, பிடிக்கும் திசையில் தள்ளி, பிடிப்பு விழுவதற்கு முன் எவ்வளவு வெற்றாட்டம் இருக்கிறது என்று பாருங்கள். நெம்பு இரு பக்கமும் திட்டமாக நிற்க வேண்டும்; வேலையின் நடுவே கை பட்டால் தானாகத் திசை மாறும் நெம்பு தொல்லை. சாக்கெட்டைப் பொருத்தித் தலைகீழாகப் பிடித்தால், முனையிலுள்ள சிறு குண்டு அதை விழாமல் தாங்க வேண்டும். தலையின் மூடியில் திருகாணி இருக்கிறதா என்பதை நான் முதலில் பார்ப்பேன். கழற்ற முடிந்தால் துடைக்கலாம், தாழும் ஸ்பிரிங்கும் தேய்ந்தால் மாற்றலாம், உதிரிகள் தனியாகக் கிடைக்குமானால் இன்னும் நல்லது. கையால் திருப்பும் இத்தகைய சதுரமுனைப் பிடிகளின் அளவுக்கும் சோதனைக்கும் ஐஎஸ்ஓ 3315 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது. அதன்படி செய்ததாகப் பொறித்திருந்தால் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். குரோம் வனேடியம் என்ற பொறிப்பை மட்டும் கண்டு மயங்க வேண்டாம். பதமேற்றியது சரியா என்பதை அது சொல்லாது.

கால் அங்குலம், பெரும்பாலான வேலைக்கு உதவும் எட்டில் மூன்று (3/8) அங்குலம், அரை அங்குலம் எனச் சதுரமுனையில் மூன்று அளவுகள் பொதுவாகக் கிடைக்கின்றன. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நடு அளவே என் தேர்வு. நூறு துண்டுகள் அடங்கிய பெட்டியில் விடுபிடியே மிக மட்டமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சாக்கெட்டைச் சிக்கனமாக வாங்கி, மிச்சத்தை விடுபிடியில் போடுவது நல்லது. துருப்பிடித்துக் கல்லாகிவிட்ட நட்டின் மேல் அதைப் போட்டுக் குழாயைச் செருகி மிதித்தால் எந்த விலைக்கு வாங்கியதும் உடையும். அந்த வேலைக்கு உள்ளே அசையும் உறுப்பு ஏதுமில்லாத நீண்ட கம்பிப்பிடி இருக்கிறது. முதல் இளக்கத்தை அதனால் செய்துவிட்டு மற்றதை விடுபிடியிடம் கொடுக்க வேண்டும். தலைக்குள் கெட்டியான கிரீஸை அப்பினாலும் தாழ் ஒட்டிக்கொண்டு பல்லைத் தவறவிடும்.

பற்சக்கரம் இந்தக் கருவியோடு நின்றுவிடவில்லை என்பது இன்னொரு கவலை. ஒருமுறை ஏறிய செலவோ விலையோ பிறகு இறங்க மறுப்பதைப் பொருளியலில் ராட்செட் விளைவு என்பார்கள். அதையும் ‘பற்சக்கர விளைவு’ என்று எழுதியிருந்ததைப் படித்தேன். சக்கரம் சுழல்கிறது, விலையும் சுழல்கிறது, ஆகவே ஏறிய விலை இறங்கும் என்று நேர்மாறாகப் புரிந்துகொள்ள எல்லா வாய்ப்பும் அதில் இருக்கிறது. அங்கே விடுபிடிகூட வேண்டாம். ‘ஏறினால் இறங்கா விளைவு’ என்றால் எவருக்கும் விளங்கும். ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை ஒட்டிவிட்டு, வரும் இடமெல்லாம் அதையே இடும் மொழிபெயர்ப்பாளர், பொருளைக் கண்ணால் ஒருமுறை பார்த்திருந்தால் இரண்டு இடத்திலும் பிழை செய்திருக்க மாட்டார்.

அந்தக் கட்டுரையின் வரியை நான் எழுதியிருந்தால் இப்படி முடித்திருப்பேன்: ‘கைப்பணத்துக்கு ஏற்ற நல்ல விடுபிடி வேண்டுமானால், சுற்றுக்கு 72 பிடிப்பும், விரலின் சிறு அழுத்தத்துக்கே விடும் தாழும், கழற்றித் துடைக்கத்தக்க மூடியும் உள்ள ஒன்றைக் கையில் வாங்கி அசைத்துப் பார்த்து எடுங்கள்.’