காப்பகக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் முதல் 14 நாள்

போன வாரமும் அதே கதைதான். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீடு. காப்பகத்திலிருந்து இரண்டு மாத நாய்க்குட்டி ஒன்றை, தத்து எடுக்க ஆள் வரும்வரை வளர்த்துத் தருகிறோம் என்று வாங்கி வந்திருக்கிறார்கள். நல்ல மனசு. ஆனால் வந்த அன்றைக்கே வீட்டிலிருந்த நாலு மாதக் குட்டியோடு ஒரே தட்டில் சோறு, ஒரே சாக்கில் தூக்கம். ஐந்தாம் நாள் புதுக்குட்டிக்கு வாந்தி, ரத்தப்பேதி. அடுத்த வாரம் வீட்டுக்குட்டிக்கும் அதே. ட்ரிப்ஸ் ஏற்றியும் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது.

"நல்லாத்தானுங்க டாக்டரே வெளையாடிட்டு இருந்துச்சு."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நன்றாக விளையாடும் குட்டிக்குள்ளும் பார்வோ இருக்கும், வாந்தியும் ரத்தப்பேதியும் வரவைக்கும் வைரஸ் அது. வைரஸ் உள்ளே போன பிறகு அறிகுறி தெரிய 3 முதல் 7 நாள் ஆகும், சிலதுக்கு இரண்டு வாரம்கூட இழுக்கும். வாந்தி தொடங்குமுன்பே மலத்தில் வைரஸ் வெளியேற ஆரம்பித்துவிடும். நீங்கள் வாலாட்டலைப் பார்த்து மகிழ்ந்திருக்கும் நேரத்தில், உங்கள் நாய் அந்த இடத்தை மோந்து பார்த்துக்கொண்டிருக்கும். டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் இன்னும் மோசம், வெளியே தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதனால் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இதில் காப்பகத்தைக் குறை சொல்லவும் இல்லை. நாலா ஊர் நாயும் வந்து சேரும் இடம் அது.

"அங்கேயே ஊசி போட்டாச்சே" என்பார்கள். எத்தனை ஊசி? தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 2 முதல் 4 வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஒரே ஊசி போட்ட குட்டி பாதுகாப்பான குட்டி அல்ல. நாட்டு நாய்க்கு ஒன்றும் வராது என்ற பேச்சையும் தயவுசெய்து விடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? 14 நாள் தனியாக வையுங்கள். தனி அறை இல்லையென்றால் வெளிக் குளியலறை, விறகுப்புரை, எதுவானாலும் போதும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விசிறி அடிக்கும், சின்னக் குட்டிக்கு அது ஆகாது, மறைப்புக் கட்டிவிடுங்கள். தட்டு, சாக்கு, செருப்பு எல்லாம் தனி. முதலில் உங்கள் நாயைக் கவனியுங்கள், கடைசியாகப் புதுக்குட்டியிடம் போங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணி மாற்றிவிட்டு வாருங்கள்.

ஃபினாயில் ஊற்றித் துடைத்தால் பார்வோ சாகாது, சானிடைசருக்கும் சாகாது. மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். மலத்தை முழுக்க அள்ளிக் கழுவிய பிறகு, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) ஒரு பங்கு, தண்ணீர் 30 பங்கு கலந்து 10 நிமிடம் ஊறவிட வேண்டும். அதோடு ஃபினாயிலையோ ஆசிடையோ கலக்கவே கூடாது. பூனைக்குட்டி வளர்ப்பவர்களுக்கு ஃபினாயிலே வேண்டாம், அது பூனைக்கு விஷம். காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துத் தூக்கி வரும் பூனைகளையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பிழைப்பதில்லை.

குட்டியின் பல்லோ நகமோ பட்டுக் காயமானால் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குட்டிதானே என்று நினைக்க வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசியே மூன்று மாதத்தில்தான் போடுகிறோம், அதுவரை அதற்குப் பாதுகாப்பு இல்லை. பிள்ளைகள் கீறலை மறைப்பார்கள், திட்டாமல் கேளுங்கள்.

வீட்டில் ஊசி முடியாத குட்டி இருக்கிறதா? அப்படியென்றால் இப்போதைக்குக் காப்பகக் குட்டி வேண்டாம். தடுப்பூசி முழுவதும் முடிந்த பெரிய நாய் இருந்தால் கொடுங்கள் என்று கேளுங்கள், அதையும் அதே 14 நாள் தள்ளியே வையுங்கள். எல்லோரும் குட்டியைத்தான் கேட்கிறார்கள். கூண்டிலேயே வருஷக்கணக்கில் கிடக்கும் பெரிய நாய்களுக்குத்தான் ஒரு வீட்டுத் திண்ணை அதிகம் தேவைப்படுகிறது.